ஏற்காட்டில் குடியிருப்பவர்களுக்குப் புயல் கால வழிகாட்டி: எதைப் பார்ப்பது, எப்போது இறங்குவது

சேர்வராயன் மலைக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் பலர், "புயல் கடற்கரைக்காரர்களுக்குத்தானே, நமக்கென்ன?" என்று கேட்கிறார்கள். புதுச்சேரிக் கடற்கரையிலிருந்து ஏற்காடு நேர்கோட்டில் ஏறக்குறைய 175 கிலோமீட்டர். இவ்வளவு தூரம் வருவதற்குள் புயலின் காற்று பெரும்பாலும் அடங்கிவிடும். மழை அடங்காது. 2024 நவம்பர் 30 சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அப்பாடா என்று எல்லோரும் தூங்கப் போனார்கள். அடுத்த இரண்டு நாட்களில்தான் மலைப்பாதையில் பல இடங்களில் மண் சரிந்து, மரங்கள் விழுந்து, மின்சாரம் போய், போக்குவரத்து நின்றது.

அந்த நாட்களில், மூட்டுவலியோடும் சர்க்கரை நோயோடும் இருக்கும் அம்மாவை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் பட்ட பாடு இன்னொரு வீட்டுக்கு வேண்டாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அக்டோபர் பிறப்பதற்கு முன்பே ஒருமுறை படித்து வையுங்கள்.

1. எந்தத் தகவலைப் பின்தொடர்வது

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை, அதிலும் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாகத் தரும் முன்னறிவிப்பு. முதலும் கடைசியும் அதுதான். 'மௌசம்' செயலியில் சேலம் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். தமிழக அரசின் 'டிஎன் அலர்ட்', தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' ஆகிய இரண்டையும் கைப்பேசியில் போட்டுவிடுங்கள். மூன்றுமே இலவசம்.

அறிக்கையில் வரும் சொற்களுக்கு ஒரு வரிசை இருக்கிறது. காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, அடுத்து தாழ்வு மண்டலம் (மணிக்கு 31 முதல் 49 கி.மீ. காற்று), அடுத்து ஆழ்ந்த தாழ்வு மண்டலம் (50 முதல் 61), 62 கி.மீ.யைத் தொட்டால் புயல். பெயர் வைப்பது அந்தக் கட்டத்தில்தான். ஆனால் பெயர் வைத்தால்தான் ஆபத்து என்று மலையில் இருப்பவர்கள் நினைக்கவே கூடாது. வலுவிழந்து வெறும் தாழ்வு மண்டலமாக உள்ளே வருவதுதான் நம் தலைக்கு மேல் கொட்டுகிறது.

புயல் எச்சரிக்கை நான்கு கட்டமாக வரும். கரையோரத்தில் வானிலை மோசமாவதற்கு 72 மணி நேரம் முன்பு முதல் தகவல், 48 மணி நேரம் முன்பு விழிப்பூட்டல், 24 மணி நேரம் முன்பு எச்சரிக்கை. நான்காவதாக, கரை கடப்பதற்குச் சுமார் 12 மணி நேரம் முன்பு, கரை கடந்த பின் அது எந்தப் பக்கம் நகரும், உள் மாவட்டங்களில் என்ன நடக்கும் என்று ஓர் அறிக்கை வரும். தொலைக்காட்சியில் இதற்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு, ஏனென்றால் அந்த நேரம் கேமராக்கள் எல்லாம் கடற்கரையில் இருக்கும். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதுதான் உயிர் அறிக்கை. தேடிப் போய்ப் படியுங்கள்.

புயலாக இருக்கும் வரை மூன்று மணி நேரத்துக்கு ஒரு புது அறிக்கை வரும். அதன் தலைப்பில் உள்ள தேதியையும் நேரத்தையும் பார்த்த பிறகுதான் உள்ளே படிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களில் பாதி முந்தின நாளுடையவை, சில முந்தின வருடத்துடையவை. வரைபடத்தில் பாதையைச் சுற்றி அகலமாக ஒரு நிழல் போட்டிருப்பார்கள். மையம் அந்த நிழலுக்குள் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று அதற்குப் பொருள். நடுக்கோடு நம் ஊரைத் தொடவில்லையே என்று நிம்மதி அடைய அதில் ஒன்றுமில்லை. ஃபெஞ்சலையே எடுத்துக்கொள்ளுங்கள்: புயலாகுமா ஆகாதா என்று கணிப்பே நாளுக்கு நாள் மாறியது. கடைசியில் 29ஆம் தேதிதான் புயலானது. கரையைக் கடந்த பிறகும் நகராமல் புதுச்சேரி பக்கத்திலேயே பல மணி நேரம் நின்றது.

2. காற்றை விடுங்கள், சென்டிமீட்டரைப் பாருங்கள்

ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. 21 செ.மீ.யும் அதற்கு மேலும் அதி கனமழை. மழைக் கணக்கில் ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. எச்சரிக்கை நிறங்களில் மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். 20 செ.மீ. மழை என்றால் ஒவ்வொரு சதுர மீட்டர் மண்ணிலும் 200 லிட்டர் தண்ணீர். உங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவின் பரப்பை மனதில் வைத்து இதைப் பெருக்கிப் பாருங்கள்.

ஃபெஞ்சல் கரை கடந்த பிறகுதான் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. ஏற்காட்டிலும் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் பதிவானது. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் ஏழு பேர் மண்ணுக்குள் போனார்கள். ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து மழையாகிறது. அதனால் சமவெளியில் ஆரஞ்சு என்று போட்டிருந்தாலும் மலையில் அதைவிட ஒரு படி கூடுதலாகவே நான் கணக்கிட்டுக்கொள்கிறேன்.

மாவட்ட அளவை மட்டும் நம்ப வேண்டாம். சேலம் டவுனில் தூறல் போடும்போது மேலே மலையில் நாகலூர் பக்கம் ஊற்றும். நேரான பக்கங்கள் உள்ள ஒரு டப்பாவை மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வைத்து, தினமும் காலை 8.30க்கு அளவுகோலை விட்டு அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். ஏற்கெனவே ஒரு வாரம் பெய்து ஊறிய மண்ணுக்கும் காய்ந்த மண்ணுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அந்த நோட்டு இருந்தால்தான் மண் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

மேட்டூர் அணை திறப்பு அறிவிப்பு வந்தால் கலவரப்பட வேண்டாம். அது காவிரிக் கரையில் இருப்பவர்களுக்கான எச்சரிக்கை, நம் மலைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

3. உங்கள் வீடு எங்கே நிற்கிறது

இதை வெயில் காலத்திலேயே பாருங்கள். வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தால் போதும். கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் உங்கள் வீடு ஆபத்தான இடத்தில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்:

- மலையைச் செங்குத்தாக வெட்டி எடுத்த இடத்தில் வீடு, பின்னால் மண் சுவர்.
- தண்ணீர் வெளியேறத் துளையே இல்லாத தடுப்புச் சுவர், அல்லது வயிறு தள்ளி நிற்கும் சுவர்.
- கோடையில் காய்ந்து கிடக்கும் ஓடைத் தடத்தின் ஓரம். சில லே அவுட்களில் ஓடையை மூடியே மனை போட்டிருக்கிறார்கள். அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் மழைக்காலத்தில் தண்ணீர் எந்த வழியாக ஓடும் என்று கேளுங்கள்.
- கூரைக்கு எட்டும் தூரத்தில் உயரமான சில்வர் ஓக் மரங்கள்.

மரத்தின் கிளையை வெட்டுவதானால் செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு முன் எஸ்டேட் நிர்வாகத்திடமோ வனத்துறையிடமோ அனுமதி தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மழை தொடங்கிய பிறகு ஆள் கிடைக்காது, கிடைத்தாலும் ஈர மரத்தில் ஏறச் சொல்வது தவறு.

4. பாதைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது

கடலோரத்தில் இருப்பவர்கள் கடைசி நேரத்தில்கூட ஏதாவது ஒரு சாலையில் கிளம்பிவிடலாம். நமக்கு இருப்பவை முக்கியமாக இரண்டே வழிகள். ஒன்று, அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம் போகும் 20 கொண்டை ஊசி வளைவுப் பாதை. இன்னொன்று, கொட்டச்சேடு வழியாகக் குப்பனூர் இறங்கி அயோத்தியாப்பட்டணம் போகும் பாதை. ஒன்று மூடினால் மற்றது இருக்கிறது என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். இரண்டின் மேலும் பெய்வது ஒரே மழை. ஒன்றில் பாறை விழும் நேரத்தில் மற்றது பாதுகாப்பாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

மாவட்ட நிர்வாகம் பாதையை மூடிவிட்டால், போவதா இருப்பதா என்ற கேள்வியே முடிந்துபோகும். பொக்லைன் வந்து மண்ணை அள்ளும் வரை 108 ஆம்புலன்ஸுக்கும் வழி இருக்காது. ஆகவே முடிவெடுக்கும் நேரத்தைப் புயல் கரை கடக்கும் நேரத்தை வைத்துக் கணக்கிடாதீர்கள். மலைப்பாதை எப்போது மூடப்படலாம் என்பதை வைத்துக் கணக்கிடுங்கள்.

இறங்கினால் பகலில் இறங்குங்கள், மதியம் இரண்டு மணிக்குள். டிசம்பரில் நாலு மணிக்கே மூடுபனி இறங்கிவிடும், ஆறு மணிக்கு இருட்டிவிடும். வழியில் ஓடைத் தண்ணீர் சாலையைக் கடந்து ஓடினால் வண்டியை விடாதீர்கள். சரிவுக்குக் கீழே வண்டியை நிறுத்தி மழை விடக் காத்திருக்காதீர்கள். மழை விட்டதும் இறங்கிவிடலாம் என்ற கணக்கும் தப்பு. ஊறிய மண் மழை நின்ற பிறகும் சரியும்.

5. இறங்குவதா, இருப்பதா

எங்கள் வீட்டில் மூன்று கேள்விகள் வைத்திருக்கிறோம். அடுத்த இரண்டு நாட்களில் சேலத்துக்கோ பக்கத்து மாவட்டங்களுக்கோ ஆரஞ்சு அல்லது சிவப்பு இருக்கிறதா? போன வாரமே நன்றாகப் பெய்து மண் ஊறியிருக்கிறதா? மூன்றாம் பகுதியில் சொன்ன ஆபத்தான இடத்தில் வீடு இருக்கிறதா? இரண்டுக்கு ஆமாம் என்று பதில் வந்தால், முதல் நாளே கிளம்பிவிடுவோம். வீண் அலைச்சலாகப் போனாலும் பரவாயில்லை என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறோம். அந்தப் பேச்சு முக்கியம். இல்லையென்றால் கிளம்பும் நேரத்தில் வீட்டுக்குள் வாக்குவாதம் வந்து பகல் போய்விடும்.

நிறைமாதக் கர்ப்பிணி, டயாலிசிஸ் செய்துகொள்பவர், ஆக்சிஜன் வைத்திருப்பவர், படுக்கையில் இருப்பவர், பச்சிளம் குழந்தை ஆகியோர் இருக்கும் வீட்டுக்கு இந்தக் கேள்விகளே வேண்டாம். ஆரஞ்சு வந்ததும் கீழே கூட்டிப் போய்விடுங்கள்.

கிளம்ப விடாமல் கட்டிப்போடுவது பெரும்பாலும் பயமின்மை அல்ல, உடைமை. காபிப் பழம் பறிக்கும் காலமும் புயல் காலமும் ஒன்றாகவே வருகின்றன. களத்தில் பழம் காய்ந்துகொண்டிருக்கும், தொழுவத்தில் மாடு இருக்கும், நாய் இருக்கும். விட்டுவிட்டு எப்படிப் போவது? இந்தத் தவிப்பை நான் சின்னதாகச் சொல்ல மாட்டேன், ஒரு வருட உழைப்பு அது. அதனால்தான் இரண்டு நாள் முன்பே வேலையைத் தொடங்கச் சொல்கிறேன். காய்ந்தவரை மூட்டை கட்டி, தரையில் படாமல் பலகை மேல் ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடுங்கள். மாடுகளைச் சரிவுக்கும் ஓடைக்கும் தள்ளி உள்ள தொழுவத்துக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் கயிற்றை அவிழ்த்து விடுங்கள், கட்டிய மாடு தப்பிக்க முடியாது. லைன் வீடுகளில் இருக்கும் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றியும் அதே நாளில் எஸ்டேட் நிர்வாகத்திடம் கேளுங்கள். அவர்களிடம் கார் இருக்காது, கடைசிப் பேருந்து போய்விட்டால் வழியும் இருக்காது.

அறிவிப்பு எதுவாக இருந்தாலும் சரி, இந்த அறிகுறிகளைக் கண்டால் உடனே வீட்டை விட்டு வெளியேறி, சரிவுக்குக் குறுக்காக விலகி மேட்டுக்குப் போங்கள்: தரையில் புது விரிசல், திடீரென்று இறுகிப் போன கதவு ஜன்னல், சாயும் மின்கம்பம் அல்லது மரம், தெளிந்து வந்த ஊற்று கலங்கி வருவது, மேலிருந்து உறுமல் சத்தம். கொட்டும் மழையில் ஓடைத் தண்ணீர் திடீரெனக் குறைந்தால் அதுதான் எல்லாவற்றிலும் மோசமான அறிகுறி. மேலே ஏதோ அடைத்து நிற்கிறது, அது உடைந்து வரும்.

6. எடுத்துப் போக வேண்டிய ஆவணங்கள்

ஆதார், ரேஷன் ஸ்மார்ட் கார்டு, வங்கி பாஸ்புக், முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை, பட்டா, கிரயப் பத்திரம், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ்கள், வண்டி ஆர்.சி., இன்சூரன்ஸ் பாலிசிகள், மருந்துச் சீட்டு. எல்லாவற்றையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரே பைக்குள் வையுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் ஒப்பந்த நகலையும் மின் கட்டண ரசீதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவர்களின் ரேஷன் கார்டு பெரும்பாலும் பழைய ஊர் முகவரியில் இருக்கும். இங்கேதான் குடியிருக்கிறோம் என்று காட்ட வேறு ஆதாரம் இருக்காது.

டிஜிலாக்கரில் ஆதாரும் ஆர்.சி.யும் இருக்கட்டும். ஆனால் டவரில் மின்சாரம் போனால் சிக்னல் போகும், அப்போது அது திறக்காது. ஆவணங்களைப் படம் எடுத்துக் கைப்பேசியிலேயே சேமித்து, சமவெளியில் இருக்கும் ஒரு சொந்தக்காரருக்கும் அனுப்பி வையுங்கள்.

கிளம்புவதற்கு முன் வீட்டின் நான்கு பக்கமும், உள்ளே ஒவ்வொரு அறையும், தோட்டமும் தெரியும்படி ஒரு வீடியோ எடுங்கள். ஐந்து நிமிட வேலை. பிறகு நிவாரணமோ இன்சூரன்ஸோ கேட்கும்போது இதன் அருமை தெரியும். மெயின் ஸ்விட்சை அணைத்து, கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

7. செலவும் தங்குமிடமும்

சொந்தக்காரர் வீடு இருந்தால் பெட்ரோல் செலவோடு போச்சு. லாட்ஜ் என்றால் இரண்டு இரவுகளுக்கு மூன்று நாள் சாப்பாட்டோடு கணக்குப் போட்டு, அந்தத் தொகையை அக்டோபரிலேயே தனியாக எடுத்து வையுங்கள். பாதியாவது ரொக்கமாக இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை முகூர்த்த நாட்களில் சேலம் புதிய பேருந்து நிலையம் பக்கம் அறை கிடைப்பது கஷ்டம். எச்சரிக்கை வந்ததுமே போன் செய்து கேளுங்கள், ரத்து செய்தால் பணம் திரும்புமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். டேங்க்கை முந்தின நாளே நிரப்பிவிடுங்கள்.

மலையில் பெய்யும் தண்ணீர் கீழேதான் போகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். சேலத்தில் திருமணிமுத்தாற்றின் ஓரமாக இருக்கும் கிச்சிப்பாளையம், பச்சப்பட்டி, நாராயண நகர் பகுதிகளிலும் சிவதாபுரம் பக்கமும் தண்ணீர் புகுவது வழக்கம். தங்கும் இடத்தை மேடாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

காசு இல்லையென்றாலும் வழி உண்டு. நிவாரண முகாமில் தங்கவும் சாப்பிடவும் கட்டணம் கிடையாது. எந்தப் பள்ளி, எந்தச் சமுதாயக் கூடம் என்பதை வி.ஏ.ஓ.விடம் முன்பே கேட்டு வையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070. மின்கம்பி அறுந்து கிடந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987. கம்பிக்குப் பக்கத்தில் போக வேண்டாம்.

8. மேலேயே இருப்பது என்று முடிவானால்

ஒரு வாரத்துக்கான மருந்து, அரிசி பருப்பு, மெழுகுவர்த்தி, டார்ச், பவர் பேங்க். மோட்டார் ஓடாது, எனவே தொட்டியை நிரப்பி, குடிநீரைத் தனியாகப் பிடித்து வையுங்கள். இன்சுலின் வைத்திருப்பவர்கள் மின்சாரம் இல்லாதபோது என்ன செய்வது என்று மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். நம் குளிரில் ஈரத்துணி சுற்றிய மண்பானையே பெரும்பாலும் போதும், உறைய மட்டும் விடக்கூடாது. இரவில் சரிவை ஒட்டிய அறையில் படுக்காதீர்கள், எதிர்ப்பக்க அறைக்கு மாறுங்கள். அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று வீடுகள் பேசிவைத்து, ஆள் மாற்றி ஒருவர் விழித்திருப்பது நல்லது.

9. திரும்பி வந்த பிறகு: நிவாரணமும் இன்சூரன்ஸும்

பாதை திறந்துவிட்டது என்ற அதிகாரபூர்வ அறிவிப்பு வந்த பிறகு பகலில் ஏறுங்கள். வீட்டைச் சுத்தம் செய்வதற்கு முன் சேதத்தைப் படம் எடுங்கள். இதில்தான் பலர் இழக்கிறார்கள். மண்ணை அள்ளிக் கொட்டி, சுவரைப் பூசிவிட்டு மனு கொடுத்தால், பார்வையிட வருபவருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. மாடு ஆடு இறந்திருந்தால் கால்நடை மருத்துவருக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் சொல்லிவிட்டு, அவர்கள் பார்த்த பிறகு புதையுங்கள்.

ஃபெஞ்சலுக்குப் பின் 2024 டிசம்பரில் தமிழக அரசு அறிவித்த தொகைகள், ஒரு அளவு தெரிவதற்காக: சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய், பல்லாண்டுப் பயிர்களுக்கும் மரங்களுக்கும் ஹெக்டேருக்கு 22,500 ரூபாய், பசு அல்லது எருதுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய். பயிர் என்றால் 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் இருக்க வேண்டும். ஒவ்வொரு புயலுக்கும் தனி அறிவிப்பு வரும், எந்தெந்த மாவட்டம் என்பதும் மாறும். மனுவை வி.ஏ.ஓ.விடம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்த மனுக்கள் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான பாலிசி 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிலும் கிடைக்கிறது. புயல், வெள்ளத்தோடு மண்சரிவும் அதில் அடங்கும். வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் மரம் விழுந்ததற்கு ஒரு ரூபாய் வராது, முழுக் காப்பீடு வேண்டும். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். என்ஜினுக்குள் தண்ணீர் போய் அது உடைந்தால், என்ஜினுக்குத் தனியாகக் கூடுதல் காப்பீடு எடுத்திருந்தால் ஒழிய அந்தச் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குப் போன் செய்து பதிவு எண் வாங்கி, சேதத்தை மதிப்பிட அவர்கள் அனுப்பும் சர்வேயர் பார்த்த பிறகு வண்டியைக் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டு போங்கள்.